எந்த எண்ணைப் பார்த்து டெங்குக்கு ஆள் வைப்பது?

வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடியின் முகாமைத்துவக் குழு ஒற்றை வரி ஒன்றுக்காக ஒன்றரை மணி நேரம் வாதாடியது. "டெங்கு அதிகரிக்கும்போது வாரத்துக்கு இரண்டு தடவை ஆள் வைத்துத் துப்புரவு செய்வது, கீழ்த்தளத்தில் நடக்கும் பிள்ளைகளின் மாலை வகுப்பை நிறுத்துவது" என்று தீர்மானம் எழுதியிருந்தேன். யாருக்கும் மறுப்பு இல்லை. கை உயர்த்தப்போகும் நேரத்தில் நான்காம் மாடி மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "தம்பி, அதிகரித்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒருவர் அன்றைய பத்திரிகையை எடுத்துக் காட்டினார். ஒன்பதாம் மாடி அன்ரி, களுபோவிலை வைத்தியசாலையில் கட்டில் கிடைக்கவில்லையாம் என்றார். இன்னொருவர் கைத்தொலைபேசியில் சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அட்டவணையைத் திறந்தார். இதெல்லாம் வேண்டாம், நம் ஒழுங்கையில் யாருக்குக் காய்ச்சல் என்று நமக்குத் தெரியாதா என்றார் காவலாளிகளைப் பொறுப்பாகப் பார்ப்பவர். நால்வரும் டெங்கு நோயாளரின் எண்ணிக்கையைத்தான் சொன்னார்கள். ஆனால் நால்வர் கையிலும் வேறு வேறு கணக்கு. செயலாளர் என்ற முறையில், எதை எடுப்பது என்று ஒப்பிட்டு அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. வெள்ளவத்தையில் மட்டுமில்லை, கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் வத்தளையிலும் இதே கேள்வியோடு இருக்கும் தொடர்மாடிகள் உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பத்திரிகை எண்ணை முதலில் தள்ளிவிடலாம். "இவ்வருடம் இதுவரை இத்தனை ஆயிரம் பேர்" என்று வருவது ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கூட்டிக்கொண்டே வரும் தொகை. அது ஒருநாளும் இறங்காது. நோய் பாதியாகக் குறைந்த வாரத்திலும் அந்தத் தலைப்பு பெருத்துத்தான் தெரியும். 2017ஆம் ஆண்டை எடுத்துப் பாருங்கள். நாடு முழுவதும் 186,101 பேர், 440 மரணங்கள். இலங்கை அதுவரை கண்டிராத தொகை. ஆனால் அந்த ஆண்டைக் கொழும்பில் கழித்தவர்களுக்கு ஞாபகம் இருப்பது அதன் நடுப்பகுதி. சித்திரைப் புத்தாண்டன்று மீதொட்டமுல்லை குப்பைமேடு சரிந்தது, நகரத்துக் குப்பை போக இடமில்லாமல் தெருவோரங்களில் கிடந்தது, மே மாத மழையும் வெள்ளமும் வந்தன, அதன் பின்னர் வைத்தியசாலை வராந்தாக்களில் நோயாளர் கிடந்தார்கள். வருடத் தொகையில் இந்த மேடுபள்ளம் எதுவும் இல்லை. ஆள் வைப்பதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க மேடுபள்ளந்தான் வேண்டும்.

அதோடு, எந்தக் கொழும்பு? செய்தியில் வரும் கொழும்பு பெரும்பாலும் மாவட்டம். ஹோமாகமையும் பாதுக்கையும் அதற்குள் அடங்கும். பாதுக்கையின் இறப்பர் தோட்டத்தில் சிரட்டையில் தேங்கிய நீரால் தொகை ஏறினால் வெள்ளவத்தையில் நான் ஏன் கீழ்த்தளத்தை மூடவேண்டும்? மறுபுறம், களனி ஆற்றைத் தாண்டினால் வரும் வத்தளை கம்பஹா மாவட்டக் கணக்கில் போகிறது. முகத்துவாரத்துக்காரருக்கு வத்தளை ஒரு பஸ் பயணம், அட்டவணையிலோ அடுத்த மாவட்டம். எங்களுக்கும் அப்படித்தான். தெஹிவளை வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு மாநகர சபை, வேறு சுகாதார வைத்திய அதிகாரி. நுளம்பு வாய்க்காலைக் கடக்க அனுமதி கேட்பதில்லை.

வைத்தியசாலைக் கட்டில் கதையையும் நான் அதிக நேரம் வைத்திருக்கவில்லை, ஆனால் அதை ஏளனமாகப் பேசவும் மாட்டேன். எல்லாவற்றிலும் முதலில் காதுக்கு வருவது அதுதான். வார்டு நிரம்பியது என்று அன்ரி சொன்னால் அன்று நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம். குறை வேறு இடத்தில். கொழும்பின் பெரிய வைத்தியசாலைகள் கொழும்புக்கு மட்டும் உரியவை அல்ல. தேசிய வைத்தியசாலைக்கும், பிள்ளைகளுக்கான லேடி ரிஜ்வே வைத்தியசாலைக்கும், அங்கொடையில் உள்ள தொற்றுநோய் வைத்தியசாலைக்கும் எங்கெங்கிருந்தோ நோயாளரை மாற்றி அனுப்புகிறார்கள். கட்டில் எண்ணிக்கை வைத்தியசாலைப் பணிப்பாளருக்குத் தேவையான எண்: எத்தனை தாதியர், எத்தனை போத்தல் சேலைன் என்று அவர் அதை வைத்துத்தான் பார்க்கவேண்டும். நோயாளர் எந்தத் தெருவில் கடி வாங்கினார் என்பதைக் கட்டில் சொல்லாது.

மிச்சம் இருப்பவை வாராந்த அட்டவணையும் எங்கள் ஒழுங்கைக் கணக்கும். கூட்டத்தில் யாரும் சொல்லாத இன்னொன்றையும் சேர்த்தால் மூன்று. அவற்றுக்குள் போவதற்கு முன் ஓர் எண் எப்படிப் பிறக்கிறது என்பதைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் ஒப்பீடு வெறும் வாய்ச்சண்டைதான்.

டெங்கு, சட்டப்படி அறிவிக்கவேண்டிய நோய். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்தக் கடமை வருகிறது. வைத்தியர் சந்தேகப்பட்டாலே போதும், ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. எச். 544 என்ற படிவத்தை நிரப்புகிறார்கள்: பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய திகதி, அனுமதித்த திகதி, வீட்டு விலாசம். அந்தப் படிவம் வைத்தியசாலை இருக்கும் ஊருக்குப் போவதில்லை, நோயாளர் வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்குப் போகிறது. அங்கே பதிவேட்டில் ஏறுகிறது. பின்னர் அப்பகுதிக்கான பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டைத் தேடிப் போகிறார், விசாரிக்கிறார், எச். 411 படிவத்தில் எழுதிக் கொடுக்கிறார். வார முடிவில் இவையெல்லாம் எச். 399 என்ற வாராந்தத் திரட்டாகத் தொற்றுநோயியல் பிரிவுக்கு ஏறுகின்றன. இன்று இதில் பெரும்பகுதி கணினி வழியாகவும் நடக்கிறது, ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

இந்த ஓட்டத்தில் எல்லாம் தொங்குவது விலாசம் என்ற ஒரு கட்டத்தில். எங்கள் கட்டடத்தில் நடந்ததையே சொல்கிறேன். இரண்டாம் மாடியில் ஒரு வீட்டில் ஹட்டனிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பையன். காய்ச்சல் மூன்றாம் நாள் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்த்தார்கள். பதிவு மேசையில் மாமாதான் நின்றார். அடையாள அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தார், அதிலிருந்த விலாசத்தைத் தட்டெழுதிக்கொண்டார்கள். பையன் இங்கே, விலாசம் மலைநாட்டில். அறிவித்தல் அங்கேயுள்ள அலுவலகத்துக்குப் போய், அங்கே ஒரு பரிசோதகர் லயத்துக்கு ஏறிப்போய், "மகன் கொழும்பில் அல்லவா இருக்கிறான்" என்று தாய் சொல்ல, கடிதம் திரும்பிக் கொழும்புக்கு வந்து, எங்கள் வாசலில் பரிசோதகர் நின்றபோது பதினொரு நாள் கழிந்துவிட்டது. பையன் குணமாகிக் கஞ்சியை விட்டுச் சோற்றுக்கு வந்துவிட்டான். அவனைக் குத்திய நுளம்பின் பிள்ளைகள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் கீழ்த்தளத்தில் பறந்துகொண்டிருந்தன.

கொழும்புத் தமிழரிடையே இது அபூர்வமான கதை இல்லை. அடையாள அட்டையில் யாழ்ப்பாணம், வாழ்வது பம்பலப்பிட்டி. அட்டையில் பதுளை, தூங்குவது கிராண்ட்பாஸ் கடையின் மேல்மாடி. விலாசம் கேட்டால் ஊர் விலாசத்தைச் சொல்லும் பழக்கம் எங்களுக்கு இரத்தத்தில் இருக்கிறது. வைத்தியசாலை மேசையில் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, கடந்த இரண்டு வாரம் எங்கே படுத்தெழும்பினீர்களோ அந்த விலாசத்தை, வீட்டு இலக்கத்தோடு, கைத்தொலைபேசி எண்ணோடு சொல்லுங்கள். "காலி வீதி, வெள்ளவத்தை" என்று மட்டும் எழுதினால் பரிசோதகர் வெயிலில் எங்கே தேடுவார்?

பையனைத் தேடி அன்று வந்த பரிசோதகர் கையில் ஒரு கோப்பும் சின்ன டோர்ச்சும் வைத்திருந்தார். பையனிடம் பேசியது ஐந்து நிமிடம்தான்: எந்தத் திகதி காய்ச்சல் தொடங்கியது, அதற்கு முன் எங்கெங்கே போனாய், வகுப்பு எங்கே, எத்தனை மணிக்கு. பிறகு கட்டடத்தைச் சுற்றினார். பூந்தொட்டித் தட்டுகளை எட்டிப் பார்த்தார், அவற்றை நாங்கள் ஏற்கெனவே கவிழ்த்துவிட்டோம். குளிரூட்டியின் நீர் சொட்டும் குழாய்களைப் பார்த்தார். கடைசியாக லிப்டுக்கு அடியில் இருக்கும் குழியின் மூடியைத் திறக்கச் சொன்னார். டோர்ச் வெளிச்சத்தில் கறுத்த நீர் ஓரடி அளவு நின்றது, அதன் மேல் காற்புள்ளிகள் போலக் குடம்பிகள் துள்ளின. ஏழு வருடமாக நான் அந்த லிப்டில்தான் ஏறி இறங்குகிறேன். அவர் ஒன்றும் ஏசவில்லை, திகதி போட்டு எழுதிக்கொண்டார்.

ஆக, மிஞ்சிய மூன்றில் முதலாவது அவருடைய பதிவேடு. அது நடந்து போய் எண்ணிய கணக்கு. ஆள் உண்மையில் அங்கே இருக்கிறாரா, இந்த இடத்தில்தான் கடி வாங்கியிருக்கக்கூடுமா, வீட்டில் வேறு யாருக்கும் காய்ச்சலா என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. ஒழுங்கையின் பெயரோடு நோயை வைத்திருப்பது அது ஒன்றுதான். நாங்கள் ஆசைப்பட்ட எண் அதுவே. ஆனால் ஒரு தீர்மானத்தை அதில் கட்டமுடியாது, ஏனென்றால் அது நம் பார்வைக்கு வைக்கப்படுவதில்லை, வைக்கப்படவும் கூடாது. பெயரும் நோயும் ஒரே வரியில் இருக்கும் புத்தகம் அது. 2020இல் கொரோனா வந்த வீடுகளை அயலவர் எப்படிப் பார்த்தார்கள் என்பது மறக்கக்கூடியதா? சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் போய், "எங்கள் ஒழுங்கைப் பக்கம் இந்த மாதம் இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்கலாம், அவ்வளவுதான்.

இரண்டாவது, வாராந்த அறிக்கைகள். இங்கே இரண்டு உண்டு, இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டுதான் எங்கள் கூட்டத்தில் பாதிச் சண்டை நடந்தது. தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கை எல்லா அறிவித்தல் நோய்களையும் மாவட்டவாரியாகத் தருகிறது. அதன் வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது, ஆகவே ஞாயிற்றுக்கிழமைக் கணக்கோடு ஒப்பிட்டால் பொருந்தாது. அந்த அட்டவணையின் ஓரத்தில் பலரும் பார்க்காத இரண்டு நிரல்கள் இருக்கின்றன: திரட்டுகள் நேரத்துக்கு வந்தனவா, முழுமையாக வந்தனவா என்று நூற்று வீதத்தில். எனக்கு அந்த அட்டவணையில் மிகவும் பிடித்த இடம் அதுதான். ஒரு மாவட்டத்தில் தொகை திடீரென்று இறங்கியிருந்தால் முதலில் அந்த நிரலைப் பாருங்கள். நோய் குறைந்திருக்கலாம், கடிதம் வராமலும் இருக்கலாம். வெசாக், புத்தாண்டு விடுமுறை வாரங்களில் எண் இறங்குவதும் அடுத்த வாரம் சேர்த்து ஏறுவதும் அப்படிப்பட்டதுதான்.

மற்றையது தேசிய டெங்கு கட்டுப்பாட்டுப் பிரிவின் வாராந்த நிலவரம். டெங்கு ஒன்றை மட்டும் பார்ப்பதால் அது நுணுக்கமாகப் பிரிக்கிறது. கொழும்பு மாநகர சபை எல்லையை மாவட்டத்தின் மற்றப் பகுதியிலிருந்து தனியே காட்டுகிறது, அபாயம் கூடிய சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வெள்ளவத்தைக்காரருக்கு மாவட்டக் கணக்கை விட மாநகரக் கணக்கு எவ்வளவோ மேல். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் 23 இலட்சம் பேர், மாநகரத்தில் 5.6 இலட்சம் அளவு. நாலில் ஒரு பங்கு ஆட்களின் கதையைக் கேட்க முழு மாவட்டத்தின் இரைச்சலை ஏன் சகிக்கவேண்டும்?

இப்போது இரண்டுக்கும் பொதுவான குறைக்கு வருகிறேன். விரலை மடக்கி எண்ணுங்கள். நுளம்பு குத்தியதிலிருந்து காய்ச்சல் வர நான்கு முதல் பத்து நாள். காய்ச்சல் வந்து, பனடோல் போட்டுப் பார்த்து, மூன்றாம் நாள் வைத்தியரிடம் போகிறோம். அறிவித்தல் போய்ச் சேர, விலாசம் கண்டுபிடிக்க இன்னும் சில நாள். வாரம் முடிந்து திரட்டு ஏற ஒரு வாரம். அறிக்கையாக வெளிவர மேலும் நாள். ஆக, இன்று அட்டவணையில் நான் பார்ப்பது மூன்று நான்கு வாரங்களுக்கு முன் குத்திய நுளம்பின் கணக்கு. முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். அந்த எண்ணுக்காகக் காத்திருந்தால் அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை பறந்துவிடும். எண்ணில் பிழை இல்லை, அது பழைய எண். நகரம் எந்தத் திசையில் போகிறது, ஜூன் ஜூலை அலை தொடங்கிவிட்டதா, வருடக் கடைசி மழையோடு வரும் அலை எவ்வளவு பெரிது என்பதற்கு அதை விட நம்பகமானது கிடையாது. நாளைக்கு லிப்ட் குழியைத் திறப்பதா என்பதற்கு அது உதவாது.

ஒரு பக்கக் கதை. கொரோனாக் காலத்தில் 2020இன் கடைசி மாதங்களில் நாளாந்த எண்கள் கொத்தணி கொத்தணியாக அறிவிக்கப்பட்டன: மினுவாங்கொடை, பேலியகொடை மீன்சந்தை என்று. கொட்டாஞ்சேனையில் வீட்டோடு இருந்தவர் ஒருவருக்குத் தொற்று வந்தாலும் அவர் பேலியகொடைக் கணக்கில் போய்ச் சேரக்கூடும், ஏனென்றால் சங்கிலி அங்கே தொடங்கியது. தொடர்பைத் தேடுபவருக்கு அது சரியான வகைப்படுத்தல். அயலில் என்ன நடக்கிறது என்று அறியவிரும்பியவருக்கு அது ஒன்றுமே சொல்லவில்லை. சோதனைகள் குறைந்தால் எண்ணும் குறையும் என்பதையும் அந்தக் காலத்தில்தான் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

மூன்றாவது, எங்களுடைய சொந்தக் குறிப்பேடு. கூட்டத்தில் இதற்குத்தான் சிரிப்பு எழுந்தது, எனக்கும் முதலில் அவநம்பிக்கைதான். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "மகளுக்குக் காய்ச்சல்" என்று எழுதினால் மாலைக்குள் அது ஐந்து வீட்டில் டெங்கு ஆகிவிடும். சிக்குன்குனியாவும் சாதாரண வைரஸ் காய்ச்சலும் முதல் இரண்டு நாள் ஒரே முகத்தோடுதான் வருகின்றன. அதோடு, யார் வீட்டில் என்ற பேச்சு தொடங்கினால் ஆட்கள் மறைக்கத் தொடங்குவார்கள், கணக்கு அங்கேயே செத்துவிடும்.

ஆனாலும் மற்ற எதிலும் இல்லாத இரண்டு இதில் இருக்கின்றன. காய்ச்சல் தொடங்கிய திகதி அன்றன்றே கிடைக்கிறது. விலாசத்தில் சந்தேகமே இல்லை, அட்டையில் ஹட்டன் என்று இருந்தாலும் படுக்கை இரண்டாம் மாடியில். ஒரு நோயாளரைக் குத்திய நுளம்பு மற்றவருக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வர எட்டு முதல் பன்னிரண்டு நாள் ஆகிறது. முதல் ஆளை முதல் வாரத்திலேயே அறிந்தால் அந்த இடைவெளிக்குள் புகுந்துவிடலாம். பையனின் கதையில் பதினொரு நாளும் கடிதத்தோடு மலை ஏறி இறங்கிய இடைவெளி அதுதான்.

அதனால் நான் எழுதிக் கொண்டுபோன வரைவு ஓர் எண்ணைத் தெரிவுசெய்யவில்லை, இரண்டை வெவ்வேறு வேலைக்கு வைத்தது. கட்டடத்தில் ஒருவருக்கு என்.எஸ். 1 என்ற இரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தால், அல்லது வைத்தியரே டெங்கு என்று சொன்னால், செயலாளருக்கு மட்டும் தனியாக அறிவிப்பது. மாடி இலக்கம்கூட மற்றவருக்குப் போகாது. மறுநாளே லிப்ட் குழி, கூரை, குளிரூட்டிக் குழாய்கள் எல்லாவற்றையும் துப்புரவு செய்து, மாநகர சபைச் சுகாதாரப் பகுதிக்கு நாமாகவே தகவல் கொடுப்பது. வாரம் இரண்டு தடவை ஆள் வைப்பதையும் வகுப்பை நிறுத்துவதையும் அறிக்கையின் மாநகரக் கணக்கோடு இணைத்தேன்: மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் தொடங்குவது, மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால் நிறுத்துவது, விடுமுறை வாரத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது.

மாஸ்டர் இரண்டு இடத்தில் பிடித்தார். ஓர் ஆளுக்காகக் கட்டடம் முழுவதையும் கிளறுவதா என்பது முதலாவது. அறிவிக்கப்படும் ஒருவருக்குப் பின்னால் வைத்தியரிடமே போகாதவர்களும் அறிகுறியே தெரியாதவர்களும் இருக்கிறார்கள், ஆகவே எங்கள் குறிப்பேட்டில் ஒன்று என்பது கட்டடத்தில் ஒன்று ஆகாது என்றேன். தலையாட்டினார், முழுச் சம்மதமா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது, மூன்று வாரம் ஏறுவதற்குக் காத்திருப்பது நீளம் என்றார். அதில் அவர் சொன்னது நியாயம். இரண்டு வாரம் என்று திருத்தினோம். ஏறும்போது அவசரப்படுவதும் இறங்கும்போது தாமதிப்பதும் எங்கள் பணத்துக்குத்தான் செலவு, உயிருக்கு இல்லை. புகையடிக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவர் தந்திருந்த விலைப்பட்டியலை யாரும் திறக்கவில்லை. புகை பறக்கும் நுளம்பைத்தான் கொல்லும், குழிக்குள் துள்ளுவதற்கு அது ஒன்றும் செய்யாது.

தீர்மானம் நிறைவேறியது. ஒன்பதாம் மாடி அன்ரி கட்டில் நிலவரத்தைத் தொடர்ந்து சொல்வேன் என்று அறிவித்தார், யாரும் தடுக்கவில்லை. நாங்கள் தீர்க்காமல் விட்ட ஒன்று பக்கத்துக் காணி. பாதி கட்டிய ஆறு மாடி, சொந்தக்காரர் வெளிநாட்டில், காவலாளி ஒருவர் மட்டும். மழை பெய்தால் ஒவ்வொரு தளத்திலும் நீர் நிற்கிறது. அங்கே யாரும் வசிக்காததால் அங்கிருந்து எந்த விலாசமும் எந்தப் படிவத்திலும் ஏறாது. சுவரை ஒட்டி எங்கள் பிள்ளைகளின் வகுப்பு நடக்கிறது. மாநகர சபைக்கு எழுதும் கடிதத்தை இரண்டாம் மாடி மாமா தயாரிக்கிறார், படங்களை நான் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.